ஈடானது அனுப்பலாமா?

எங்க கட்டடத்துல ஆளுக்கு ஈடா ஆள் வந்து இறங்கினது ஒரு வியாழக்கிழமை, காலை பத்துலருந்து பன்னெண்டுக்குள்ள வர்ற டெலிவரியில, ரெண்டு கிலோ வெங்காயம், ஒரு பாக்கெட் ரவை, அரை லிட்டர் நல்லெண்ணெய், இதுங்களோட சேர்ந்து எங்க வீட்டுக்காரருக்குப் பதிலா இன்னொரு எங்க வீட்டுக்காரரு. அதைப் பார்த்து நான் மயங்கி விழுந்தேன்னோ, அலறி அடிச்சு அக்கம்பக்கத்தைக் கூட்டினேன்னோ நினைச்சீங்கன்னா உங்களுக்கு என்னைத் தெரியாதுன்னு அர்த்தம், நான் முதல்ல வெங்காயத்தைத்தான் எடுத்து அமுக்கிப் பார்த்தேன்.

என் பேரு ஆவுடையம்மாள். வயசு அம்பத்தெட்டு. மேடவாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்துல ஏரி இருந்து இப்ப மழை பெய்தா மட்டும் அது ஞாபகம் வர்ற இடத்துல, நாலு மாடி, அறுபத்துநாலு வீடு இருக்கிற கட்டடத்துல ரெண்டாவது மாடி. எனக்குன்னு ஒரு வேலை உண்டு, யாரும் சம்பளம் குடுத்து வச்சதில்ல, நானா எடுத்துக்கிட்டது: தினமும் காலையில குளிச்சு, காபியைக் குடிச்சுட்டு, ‘சட்டுன்னு’, ‘வீட்டுச்சந்தை’, ‘பச்சைமூட்டை’, ‘நிறைவாசல்’னு நாலு மளிகை சைட்டையும் வரிசையாத் தொறந்து, இன்னைக்கு எவன்கிட்ட துவரம்பருப்பு சல்லிசு, எவன் விலையைக் குறைக்கிற மாதிரி குறைச்சு எடையில கை வச்சிருக்கான், எவன் டெலிவரி இலவசம்னு சொல்லிட்டுக் கடைசியில பைக்குன்னு காசு போடுறான், எவன் தக்காளி படத்துல சிவப்பாவும் பையில பச்சையாவும் இருக்குன்னு பார்த்து, கட்டம் போட்டு, ஒன்பது மணிக்குள்ள எங்க குடியிருப்போர் வாட்ஸப் குரூப்புல போட்டுடுவேன். ஆறு வருஷமா ஒரு நாள் தவறல. என் லிஸ்ட்டைப் பார்க்காம எங்க கட்டடத்துக்குள்ள ஒரு கடுகு வராது.

வேற யாரு லிஸ்ட்டுலயும் இல்லாத ஒரு கட்டம் என் லிஸ்ட்டுல உண்டு, கடைசிக் கட்டம், ‘எத்தனை நாள் வந்தது’ன்னு. விலையை எந்தக் கழுதையும் பார்த்துச் சொல்லிடும், வாங்கின பொருள் வீட்டுல எத்தனை நாள் நிக்குதுன்னு சொல்றதுக்குத்தான் ஆள் வேணும். நாங்க ரெண்டே பேர் இருக்கிற வீட்டுல ஒரு கிலோ துவரம்பருப்பு முழுசா முப்பது நாள் வரும், அரைக் கிலோ காபித்தூள் முப்பது நாள் வரும். அதே சைட்டுல அதே பாக்கெட்டை வாங்கின மூணாவது மாடி பர்வீன் வீட்டுல, அவங்களும் ரெண்டு பேர்தான், இருபது நாள்ல டப்பா காலி. ‘எப்படிக்கா?’ன்னு வந்து கேப்பா. ‘அளந்து போடணும்டி, கண்ணை மூடிக்கிட்டு அள்ளிப் போட்டா எப்படி நிக்கும்?’னு சொல்லுவேன். அந்தக் கட்டத்துல முப்பதுன்னு போடும்போது எனக்கு வர்ற பெருமை இருக்கே, அது எங்க பொண்ணு கல்யாணத்துலகூட வந்ததில்ல.

தெருமுனையில இருக்கிற தங்கையா அண்ணாச்சி கடையையும், வாசல் பலகையில எழுதியிருக்கிற விலையைப் பார்த்து, ஒப்புக்குக் கடைசி வரியில போடுவேன். எதை எடுத்தாலும் ரெண்டு ரூபா மூணு ரூபா கூட, அதுக்கு நேரா சிவப்புப் புள்ளி. நான் லிஸ்ட்டு போட ஆரம்பிச்ச மூணாவது வருஷம் அண்ணாச்சி ரெண்டு ஷட்டர்ல ஒண்ணை நிரந்தரமா இறக்கிட்டாரு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும், நான் இருக்கிறதைத்தானே போட்டேன்.

எங்க வீட்டுக்காரரு பேரு சங்கரலிங்கம். ரயில்வே பார்சல் ஆபீசுல முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவங்க மூட்டைக்குச் சீட்டு ஒட்டி ரிட்டயர் ஆனவரு. சேர்ந்தாப்பல நாலு வார்த்தை பேச மாட்டாரு. குழம்பு நல்லாருக்கான்னு கேட்டா ‘ம்’, நல்லால்லையான்னு கேட்டாலும் ‘ம்’. சாயங்காலம் அஞ்சு மணியானா நடக்கப் போவாரு, சட்டைப் பையில ஒரு மஞ்சள் துணிப்பையை நாலா மடிச்சு வச்சுக்கிட்டு. ‘நடக்கப் போற மனுஷனுக்குப் பை எதுக்கு?’ன்னு கேட்டா, ‘மழை வந்தா தலையில போட்டுக்க’ம்பாரு. சித்திரை வெயில்லயும் மழைக்குப் பை கொண்டு போன ஆளு அவரு. நான் தலையில அடிச்சுக்குவேன்.

இப்ப நிறைவாசல் விஷயத்துக்கு வர்றேன். நாலு சைட்டுல அதுதான் கடைசியா வந்தது, வந்து ரெண்டு வருஷம் இருக்கும், குறைஞ்சது இவ்வளவு வாங்கணும்னு இல்ல, டெலிவரிக்கும் காசு இல்ல. முதல் ஆர்டர் போடும்போது ரெண்டு விஷயம் கேக்கும். ஒண்ணு, ‘கேட்டது இருப்பில் இல்லையென்றால் ஈடானது அனுப்பலாமா?’ன்னு ஒரு கட்டம். யாரு நின்னு படிச்சா, எல்லாரும் டிக் பண்ணினோம். இன்னொண்ணு, ‘பொருளை யாரிடம் கொடுக்க வேண்டும்?’ நான் ‘வீட்டில் அவர் இருப்பார், அவர் கையில் கொடுக்கவும்’னு எழுதினேன், ஏன்னா பத்து மணிக்கு நான் பூஜையில இருப்பேன். பர்வீன் ‘மகன் வாங்கிக்கொள்வான்’னு எழுதினா, அப்ப அவ மகன் ஷார்ஜா போகல. ஒரு தடவை எழுதினா அது அப்படியே நிக்கும், ஒவ்வொரு ஆர்டருக்கும் தானா வரும். மாத்தணும்னா மாத்தலாம், ஆனா யாரு மாத்துறா? வெங்காயம் வாங்குற அவசரத்துல வீட்டுல யாரு இருக்கா, யாரு போயிட்டான்னு திருத்தி எழுதிக்கிட்டா இருப்பாங்க?

ஜூலை மாசத் தொடக்கத்துல அம்பாசமுத்திரத்துல அவரோட அண்ணன் படுக்கையில விழுந்தாரு. ‘நான் போய்ப் பக்கத்துல இருக்கேன்’னாரு. ‘நீங்க போயி என்ன பண்ணப் போறீங்க, நீங்க டாக்டரா? நானும் கூட வரணும்னா என் லிஸ்ட்டை யாரு போடுவா?’ன்னு கேட்டேன். ‘நீ வர வேண்டாம்’னாரு. ‘போறதுன்னா தாராளமா போங்க, நீங்க இருந்து மட்டும் இங்க என்ன ஆகுது’ன்னு சொல்லிட்டேன். சொன்னதைச் சொன்னேன்னு ஒத்துக்கணும்ல. போறதுக்கு முந்தின நாள் நடக்கப் போயிட்டு வந்தவரு மறுபடியும் ஒரு தடவை நடக்கப் போனாரு. அதுக்கும் நான் ஏதோ சொன்னேன்.

நாலாவது நாள்தான் அந்த வியாழக்கிழமை. மணி அடிச்சுது, வாங்க ஆள் இல்லையேன்னு பூஜையிலருந்து எந்திரிக்கிறதுக்குள்ள போன்ல ஒரு சேதி, ‘இருப்பில் இல்லாததற்கு ஈடானது சேர்க்கப்பட்டுள்ளது. விலை வித்தியாசம் இல்லை’ன்னு. கதவைத் தொறந்தா நிறைவாசல்காரரு, பச்சைச் சட்டை, கையில ரெண்டு பை, பக்கத்துல இவரு. அதே உயரம், அதே வழுக்கை, கழுத்துல அதே மரு, ஆனா இடது பக்கம் இருக்க வேண்டியது வலது பக்கம். பச்சைச் சட்டைக்காரரு பையை இவரு கையில குடுத்தாரு, இவரு வாங்கி உள்ள கொண்டு வந்து வச்சு, காலைக் கழுவிட்டு, ‘ஆவுடை, வெங்காயத்தைக் கூடையில கொட்டவா, காத்தாட விரிச்சு விடவா?’ன்னு கேட்டாரு. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல எங்க வீட்டுக்காரரு வெங்காயத்தைப் பத்தி என்கிட்ட ஒரு கேள்வி கேட்டதில்ல. ‘விரிச்சு விடுங்க’ன்னேன். அவ்வளவுதான், அவரு வந்துட்டாரு.

மறுநாளே கட்டடம் பூரா தெரிஞ்சுபோச்சு. பேய் பிசாசுன்னு யாரும் ஓடல, பூசாரியைக் கூப்பிடல, பேப்பர்காரங்களுக்குச் சொல்லல. பொம்பளைங்க வந்து பார்த்தாங்க, புது ஃப்ரிட்ஜ் வாங்கினா வந்து பார்ப்பாங்கல்ல, அப்படித்தான், சுத்தி வந்து, சத்தம் வருதான்னு கேட்டு, எந்த சைட்டுன்னு விசாரிச்சுட்டுப் போனாங்க. சங்கத்துச் செயலாளர் ஞானதுரை சாரு, பேங்குல இருந்தவரு, ரூல் பார்த்துத்தான் தும்முவாரு, அவருக்கு வந்த ஒரே சந்தேகம் தண்ணிக் கட்டணத்துக்கு எங்க வீட்டுல ரெண்டு பேரா மூணு பேராங்கிறதுதான். ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டு ரெண்டு மணி நேரம் பேசி, ‘ஊரில் இருப்பவர் இல்லாதவர், இங்கே இருப்பவர் இருப்பவர், ஆக இருவரே’ன்னு தீர்மானப் புத்தகத்துல எழுதிக் கையெழுத்து வாங்கினாரு. வாட்ச்மேன் கோதண்டம் முதல் நாள் மட்டும் முழிச்சான், ரெண்டாம் நாள் சல்யூட் அடிச்சான்.

அடுத்த வாரம் பர்வீன் வீட்டுல மகன் வந்து இறங்கினான், ரெண்டு கிலோ பாஸ்மதியோட. ஷார்ஜாவுல இருக்கிறவன் பெருநாளுக்கு வர லீவு கேட்டிருக்கேன்னு போன் பண்ணினப்ப, ‘டிக்கெட்டுக்கு எதுக்குப்பா அவ்வளவு காசு, நீ அங்கேயே நல்லா இரு’ன்னு சொல்லிட்டா. நிறைவாசல் பண்றதைப் பார்த்து மத்த மூணு சைட்டும் அதையே ஆரம்பிச்சுது. அப்புறம் சும்மா இருப்பாங்களா, ‘ஆவுடை மேடம், எது நல்லாருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்’னு குரூப்புல ஒரே தொந்தரவு. பார்த்துச் சொன்னேன். ‘சட்டுன்னு’ சைட்டு அனுப்புறது பத்தே நிமிஷத்துல வருது, ஆனா பேர் சொல்லிக் கூப்பிட்டா ரெண்டாவது தடவைதான் திரும்புது. வீட்டுச்சந்தை அனுப்புறது நல்லா வேலை செய்யுது, சிரிக்க வேண்டிய இடத்துல சிரிக்க மாட்டேங்குது. பச்சைமூட்டையில வர்றது மூணாம் நாளே முகம் வாடிப்போகுது. நிறைவாசல்தான் நிக்குது. கட்டம் போட்டு இதையும் பருப்பு, புளி, மிளகாய்க்குக் கீழ சேர்த்தேன், எண்பது பேர் கையெடுத்துக் கும்பிடுற படம் போட்டாங்க.

நாலாவது மாடியில ஒருத்தி, பேரு வேண்டாம், மாமியார் கல்லு மாதிரி வீட்டுல இருக்கும்போதே ‘மாமியாரிடம் கொடுக்கவும்’னு எழுதி வச்சுட்டு, டெலிவரி வர்ற நேரம் பார்த்து அவங்களைக் கோயிலுக்கு அனுப்பி வச்சா. கோயிலுக்குப் போனவங்க திரும்பி வந்தாங்க. அப்பத்தான் எங்களுக்கு அந்த விதி தெரிஞ்சுது: அசல் திரும்பி வந்துட்டா ரெண்டுல ஒண்ணைத் திருப்பிக் குடுத்துடணும், எதைங்கிறது வாடிக்கையாளர் விருப்பம். மறுநாள் பச்சைச் சட்டைக்காரரு வந்து ஒரு மாமியாரைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. எந்த மாமியாருன்னு நாங்க கேக்கல. எங்க கொண்டு போறீங்கன்னும் கேக்கல. திருப்பி அனுப்புற அழுகின தக்காளி எங்க போகுதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கோமா? வெள்ளிக்கிழமை அவ பாயசம் குடுத்துவிட்டா, எல்லாரும் குடிச்சோம்.

எங்க வீட்டுல அவரு, அதாவது வந்தவரு, கேக்காமலே காய் நறுக்குவாரு. குழம்பு வாயில வச்சதும் ‘இன்னைக்குப் புளி அளவா இருக்கு ஆவுடை’ன்னு சொல்லுவாரு. நான் லிஸ்ட்டு போடும்போது பக்கத்துல உக்காந்து விலையை வாசிச்சுச் சொல்லுவாரு. பூனாவுல இருக்கிற எங்க பொண்ணு சிவகாமி வீடியோவுல பார்த்துட்டு, ‘அப்பா இப்பத்தாம்மா மனுஷன் மாதிரி பேசுறாரு’ன்னு சந்தோஷப்பட்டா; அவகிட்ட நான் விஷயத்தைச் சொல்லல. ஊர்லருந்து தினம் சாயங்காலம் போன் வரும். முதல்ல ரெண்டு நாள் எடுத்து, ‘ம்’ முக்கு ‘ம்’ சொன்னேன். அப்புறம், வீட்டுல அவரு உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டிருக்கும்போது அவருகிட்டருந்தே போன் வந்தா எப்படி எடுக்கிறது, மரியாதையாவா இருக்கும்? எடுக்கல. ஒரு வாரம் அடிச்சுது. பிறகு நின்னுபோச்சு, எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரரு ஊருக்குப் போன இருபத்திரண்டாவது நாள் காலையில கீழ கேட்டுல பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தா, தலை மொட்டை, மீசையில்ல, இடுப்புல வேட்டி நிக்காத அளவுக்கு இளைச்சு, வெயில்ல கறுத்து, மஞ்சள் பையோட ஒருத்தரு நிக்கிறாரு. கோதண்டம் கேட்டை மறிச்சுக்கிட்டு, ‘சங்கரலிங்கம் சாரு மேலதான் இருக்காரு, இப்பத்தான் பால் வாங்கிட்டுப் போனாரு, நீங்க யாரு?’ன்னு கேக்குறான். எங்க வீட்டுக்காரரு சண்டை போடல. வருகைப் பதிவேட்டை வாங்கி, பேர்ங்கிற இடத்துல பேரை எழுதி, ‘யாரைப் பார்க்க’ங்கிற இடத்துல ஆவுடையம்மாள்னு எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டுட்டு மாடி ஏறி வந்தாரு.

‘அண்ணன் போயிட்டான்’னாரு. ‘பதினாறு முடிஞ்சு வர்றேன். போன் அடிச்சேன்.’

நாற்காலியில இருந்தவரு எந்திரிச்சு, ‘வாங்க, உக்காருங்க, காபி சாப்பிடுறீங்களா?’ன்னு கேட்டாரு, அவ்வளவு மரியாதை. எங்க வீட்டுக்காரரு தன் நாற்காலி நுனியில உக்காந்து, வந்தவரை மேலயும் கீழயும் ஒரு தடவை பார்த்தாரு, கழுத்து மருவைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. யாரு, என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. ‘டப்பாவுல தூள் இருக்கா?’ன்னு கேட்டாரு. கூடப் பொறந்தவனுக்குக் கொள்ளி வச்சுட்டு வந்த மனுஷன் கேக்குற முதல் கேள்வியைப் பாருங்க. ‘ஏன், உங்களுக்கு இல்லாமலா போயிடும்?’னு வெடுக்குன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன்.

போன்ல சேதி வந்துடுச்சு, ‘அசல் திரும்பியுள்ளது. நாளை காலை பத்து முதல் பன்னிரண்டுக்குள் ஒன்று எடுத்துச்செல்லப்படும்’னு. மதியத்துக்குள்ள குரூப்புல ஞானதுரை சாரு ஓட்டெடுப்பு வச்சுட்டாரு. பர்வீன் போட்டா, ‘அக்கா, நீங்க எப்பவும் போல ஒரு லிஸ்ட்டு போடுங்க, நீங்க போட்டா சரியா இருக்கும்.’ அறுபத்துநாலு வீடும் காத்துக்கிட்டிருந்துச்சு.

சத்தியமா சொல்றேன், எங்க வீட்டுக்காரரை அனுப்பணும்னு நான் நினைக்கல. முப்பத்தொரு வருஷம் சும்மாவா, லிஸ்ட்டு போட்டா இவருதான் ஜெயிப்பாரு, அதைக் காட்டி ஊர் வாயை அடைச்சுட்டு வந்தவரை அனுப்பி வச்சுடலாம்னுதான் சாப்பாட்டு மேஜையில உக்காந்தேன். பேச்சு, காய் நறுக்குறது, குறட்டை, பொண்ணுகிட்ட போன்ல பேசுறது, சமையலைப் பத்திச் சொல்றது, துணி மடிக்கிறது, இப்படியே பதினோரு வரி. பதினோரு வரியிலயும் எங்க வீட்டுக்காரருக்கு நேரா சிவப்புப் புள்ளிதான் விழுந்துச்சு. பன்னெண்டாவதா ஒண்ணு, அவருக்குப் பச்சை விழுற மாதிரி ஒரே ஒண்ணு போடலாம்னு பேனாவைக் கடிச்சுக்கிட்டு யோசிச்சேன், யோசிச்சேன், எனக்கு ஞாபகத்துக்கு வரல.

எங்க வீட்டுக்காரரு பின்னால வந்து நின்னு, என் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, பதினோரு வரியையும் விரலை வச்சுப் படிச்சாரு, பார்சல் சீட்டு சரிபார்க்கிற மாதிரி.

‘சரியாத்தான் போட்டிருக்க’ன்னாரு. ‘ஒண்ணு விட்டுப்போச்சு.’

‘என்னது? சொல்லுங்க, சேர்த்துடுறேன்.’

அவரு சமையக்கட்டு அலமாரியைப் பார்த்தாரு. ‘ஒண்ணுமில்ல, விடு. அதைச் சேர்த்தா நீ ஆறு வருஷத்து லிஸ்ட்டையும் திருத்தணும்’னாரு.

‘எப்பப் பாரு இப்படி மென்னு முழுங்குங்க, இதனாலதான் சிவப்பு விழுது’ன்னு கத்தினேன். அவரு கண்ணாடியைக் கழட்டி, வேட்டி நுனியால துடைச்சு, என் பக்கத்துல வச்சுட்டுப் போயிட்டாரு. மறுநாள் காலையில ஒன்பது மணிக்கு, கை பழக்கம், லிஸ்ட்டைக் குரூப்புல போட்டுட்டேன்.

பத்தே கால் மணிக்குப் பச்சைச் சட்டைக்காரரு வந்தாரு. ‘எதும்மா?’ன்னு கேட்டாரு. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு செருப்பை மாட்டிட்டாரு, கையில அதே மஞ்சள் பை. அந்த ஆளு ‘திரும்பப் பெற்றது’ன்னு அச்சடிச்ச ஒரு சீட்டை எடுத்து இவரு சட்டையில ஒட்டினாரு. கோணலா ஒட்டிட்டாரு. முப்பத்திரண்டு வருஷம் சீட்டு ஒட்டின மனுஷனுக்குப் பொறுக்குமா, அதைப் பிய்ச்சு எடுத்து, நேரா வச்சு, உள்ளங்கையால தடவி ஒட்டிக்கிட்டாரு.

லிப்ட் மேல வர ரெண்டு நிமிஷம் ஆச்சு. ரெண்டு நிமிஷம் பெரிய நேரம். ‘ஏங்க’ன்னு ஒரு சொல்லு போதும், அதுக்குத்தான் அவரு லிப்ட்டைப் பார்க்காம என்னைப் பார்த்து நின்னாரு, அது எனக்கும் தெரிஞ்சுது. எதிர் வீட்டு வாசல்ல ஞானதுரை சாரும் பர்வீனும் இன்னும் நாலு பேரும் நின்னாங்க. லிஸ்ட்டு போட்டவளே லிஸ்ட்டை மீறினா நாளைக்கு எவ மதிப்பான்னு ஒரு நினைப்பு. பாவி நான், கூப்பிடல. லிப்ட் வந்துச்சு, கதவு மூடுச்சு. வந்தவரு என் பக்கத்துல நின்னு, ‘வா ஆவுடை, இட்லி ஆறிடும்’னாரு.

அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி எப்பவும் போல ஒரு கிலோ துவரம்பருப்பும் அரைக் கிலோ காபித்தூளும் வாங்கி டப்பாவுல கொட்டினேன். பத்தொன்பதாந்தேதி காலையில பருப்பு டப்பாவுக்குள்ள விட்ட ஆழாக்கு அடியில போய் டங்குன்னு இடிச்சுது. காபித்தூள் டப்பாவைக் கவுத்துத் தட்டினா ஒரு கரண்டி விழுந்துச்சு. ஆறு வருஷத்துல இப்படி ஆனதில்ல. எடையில ஏமாத்திட்டான்னு பாக்கெட்டைத் தேடினேன். வந்தவரு அதிகமா திங்குறாரோன்னு பார்த்தேன், அவரு எங்க வீட்டுக்காரரு தின்ன அதே அளவுதான் தின்னாரு. ஆர்டர் போடலாம்னா, டெலிவரிப் பை என் பேரோட கேட்டைத் தாண்டி லிப்ட்டுல ஏறி வர்றதை எல்லாரும் பார்ப்பாங்க, ‘முப்பது நாள் மேடத்துக்கே பத்தொன்பதுல தீர்ந்துபோச்சா’ன்னு சிரிப்பாளுங்க. யாரும் பார்க்காம தெருமுனைக்குப் போயி கால் கிலோ வாங்கி, டப்பாவுல கொட்டிட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு இறங்கினேன்.

அண்ணாச்சி கடைக்குள்ள ஆறு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் கால் வச்சேன். நான் எதுவும் கேக்கல. என்னைப் பார்த்ததும் அவரு எந்திரிச்சு, உள் அலமாரியிலருந்து காகிதத்துல மடிச்ச ரெண்டு பொட்டலத்தை எடுத்து முன்னால வச்சாரு.

‘கால் கிலோ பருப்பு, நூறு காபித்தூள். சாருக்குன்னு மடிச்சு வச்சது. ஒண்ணரை மாசமா ஆளைக் காணோமே, உடம்புக்கு ஒண்ணுமில்லியே?’

‘சாருக்கா?’ன்னேன்.

‘ஆமாம்மா. மாசம் இருபது ஆகிட்டா டாண்ணு வந்துருவாரு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வாங்குவாரு, நாலு நாளைக்கு ஒருக்கா. மொத்தமா வாங்கினா என்ன சார்னு கேட்டா, வேண்டாம் அண்ணாச்சி, டப்பா திடீர்னு ரொம்பிட்டா அவளுக்குத் தெரிஞ்சிரும், கொஞ்சமாக் கொட்டிக் குலுக்கி விட்டா தெரியாது, அவ லிஸ்ட்டு தப்பாயிரக் கூடாதுல்லாம்பாரு. ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள் ரெண்டு நடை வந்து அரைக் கிலோ பருப்பும் கால் கிலோ தூளும் வாங்கிட்டுப் போனாரு. உங்க லிஸ்ட்டையும் காட்டுவாரு. எனக்குச் சிவப்புப் புள்ளி போட்டிருந்தீங்கள்ல, ரெண்டு பேரும் பார்த்துச் சிரிப்போம்.’ அண்ணாச்சி இறக்கி வச்ச ஷட்டரைப் பார்த்தாரு. ‘சாரு வரலையாம்மா?’

நல்லாருக்காருன்னு சொல்லிட்டு, பொட்டலத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்துட்டேன். லிப்ட்டுல யாரும் இல்ல, அங்க ஒரு மூச்சு அழுதேன்.

வீட்டுக்கு வந்து நிறைவாசலைத் தொறந்து பழைய ஆர்டர்களுக்குள்ள போய்த் தேடினேன். ‘திரும்பப் பெற்றது’ன்னு ஒரு வரி, தேதியோட. அதைத் தொட்டேன். ‘இது இருப்பில் இல்லை. ஈடானது அனுப்பலாமா?’ன்னு கேட்டுச்சு. திரும்பத் தொட்டேன், திரும்பக் கேட்டுச்சு. எத்தனை தடவைன்னு தெரியல, விரல் வலிக்கிற வரைக்கும் தொட்டேன். மத்த மூணு சைட்டுலயும் பார்த்தேன். எங்க பார்த்தாலும் அதேதான்.

‘கடைக்கா போயிட்டு வந்த ஆவுடை? சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே’ன்னு ஹால்லருந்து அவரு கேட்டாரு, பூண்டு உரிச்சுக்கிட்டே. குரல்ல ஒரு குறை சொல்ல முடியாது. நான் பருப்பை டப்பாவுல கொட்டி, குலுக்கி விட்டு, மூடினேன். குரூப்புல பர்வீன் கேட்டிருந்தா, ‘அக்கா, இன்னைக்கு லிஸ்ட்டு வரல?’

நான் போனை எடுத்து, பொருளை யாரிடம் கொடுக்க வேண்டும்ங்கிற இடத்துக்குப் போயி, பழசை ஒவ்வொரு எழுத்தா அழிச்சுட்டுப் புதுசா எழுதினேன்.

‘வீட்டில் யாரும் இல்லை. வாசலில் வைத்துவிட்டுப் போகவும்.’